ஆவ்ரோ என்று எழுதினேன்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் கோமுகி அணைக்கரையில் நான்கு ஆண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? எங்களுக்கு 'பிளேன் பைத்தியங்க' என்று பெயர் வைத்தது. என் மனைவி அதையும் சுருக்கி வெறும் பைத்தியம் ஆக்கிவிட்டாள். அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு அரசுப் பள்ளியில் புவியியல் வாத்தியார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். பைனாகுலர் வைத்திருந்தேன். பழைய போர் விமானங்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் இரண்டு பெட்டி வைத்திருந்தேன். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பும் நிறைய வைத்திருந்தேன்.

மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் நைனார்பாளையத்துக்காரர், விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஏர்ஃபோர்ஸ்காரர் என்போம். இன்னொருவர் சின்னசேலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணப் படம் எடுக்கப் போன இடத்தில் பிளேன் சத்தம் கேட்டால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மேலே கேமராவைத் திருப்புகிற ஆள். நான்காமவருக்கு ஊர் வடக்கனந்தல். சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. கரும்பு வெட்டு, நடவு, மலை மேல் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது என்று எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் போவார். ஒருநாள் அணைக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தவர், நாங்கள் பைனாகுலரில் தேடிக்கொண்டிருந்த விமானத்தைத் தலை நிமிராமலே, "ரெண்டு எஞ்சின் சார், காத்தாடி வச்சது, சேலத்து பக்கம் போவுது" என்றார். பார்த்தால் அப்படியே இருந்தது, ஆவ்ரோ என்ற விமானப்படை விமானம். அன்றைக்கே அவரையும் சேர்த்துக்கொண்டோம். காது என்றால் அது காது.

என்னைவிட அவருக்கு இரண்டு வயது அதிகம். ஆனாலும் நாங்கள் மூன்று பேரும் அவரை வா, போ என்றுதான் பேசினோம். அவர் எங்களை சார் என்றார். இது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இங்கே 'அவர்' என்று எழுதுகிறேனே, இது இப்போது வந்த மரியாதை.

எங்களுக்கு என்று சில சட்டங்கள் இருந்தன. ஆளுக்கொரு நோட்டு. கண்ணால் பார்த்த விமானத்தின் வகையை அதில் எழுதலாம். ஒரே வகையை நூறு தடவை பார்த்தாலும் ஒன்றுதான். பறக்கும்போது பார்க்க வேண்டும், தரையில் நிற்பது கணக்கில் வராது. யாராவது தனியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் அதை விசாரித்து, சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லி எழுதுவது என் வேலை. வாத்தியார் என்பதால் எனக்கு அந்த நாற்காலி. வடக்கனந்தல்காரருக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதப் படிக்க வராது. அதனால் அவருடைய நோட்டும் என் கையில்தான்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஏர்ஃபோர்ஸ்காரர் ஒரு சேதியோடு வந்தார். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு விமானத் தளத்தில் பழைய போர் விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டப்போகிறார்கள். டைகர் மாத், ஹார்வர்ட், எல்லாவற்றுக்கும் மேலாக டகோட்டா. புத்தகத்தில் மட்டும் பார்த்துப் பார்த்து எனக்குக் கனவில்கூட வரும் விமானம் அது. முன்னாள் படையினர் என்ற முறையில் அவருக்கு மூன்று பாஸ் கிடைக்கும். திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

பாஸ் கொண்டுவருகிறவர் என்பதால் அவருக்கு ஒன்று. மற்ற இரண்டும் நோட்டில் யாருக்கு ஜாஸ்தியோ அவர்களுக்கு என்று முடிவானது. எங்கள் வழக்கம் அதுதான், எதற்கும் நோட்டைத்தான் கேட்போம். ஸ்டுடியோக்காரருக்கு இருபதைத் தாண்டியிருந்தது. அவர் போவதில் சந்தேகம் இல்லை. எனக்குப் பதினைந்து. வடக்கனந்தல்காரருக்கும் பதினைந்து.

பெயர் கொடுப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் அணைக்கரைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"சார், டகோட்டாவ பாத்துட்டேன் சார்."

நாங்கள் மூவரும் திரும்பினோம்.

"வியாழக்கெழம மலை மேல கெழங்கு புடுங்கிக்கினு இருந்தோம். பத்து மணி இருக்கும். மேகம் தலைக்கு மேலயே நிக்குது. சத்தம் கேட்டுச்சு. ஆவ்ரோவுக்கு ஒரு சீட்டி சத்தம் வருமே, அது இல்ல. ரெண்டு டிராக்டர ஒண்ணா ஓட்டுறாப்பல. மலை ஓரமாவே வந்துச்சு சார். அண்ணாந்து பாக்கவே தேவயில்ல, நேருக்கு நேரா வந்துச்சு. சக்கரத்த மடக்கி இருக்கான், ஆனா பாதி சக்கரம் வெளியவே தெரியுது. நான் துண்ட எடுத்து வீசினேன். ரெக்கய இப்படி ஒரு தபா, அப்படி ஒரு தபா ஆட்டிட்டுப் போனான் சார்!"

இரண்டு கையையும் விரித்து ஆட்டிக் காட்டினார். ஸ்டுடியோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாய்யா, பிளேனு உன்னப் பாத்து கும்புடு போட்டுதா? இனிமே நீ துண்டு பைலட்டுதான் போ."

நான் சிரிக்கவில்லை. பாதிச் சக்கரம் வெளியே தெரிவது டகோட்டாவின் அடையாளம். இரண்டு பெட்டிப் புத்தகத்தில் எதைத் திறந்தாலும் அது இருக்கும். அதை நான் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பார்க்காமல் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சத்தமும் சரியாக இருந்தது. ஆவ்ரோவின் எஞ்சின் சீட்டியடிக்கும், டகோட்டாவின் எஞ்சின் அதிரும். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. கூடவே, அவருக்குப் பதினாறு ஆகிவிட்டது என்பதும் தெரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு வாத்தியார் குரலில் ஆரம்பித்தேன். டகோட்டா இன்னும் வடக்கே இருக்கிறது, நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால்தான் வரும் என்றேன். இதை எங்கிருந்து பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. மலையில் சத்தம் மோதித் திரும்பும்போது சீட்டி அமுங்கிப்போகும் என்றேன். சேலத்தில் இறங்குவதற்காக ஆவ்ரோ சக்கரத்தை இறக்கத் தொடங்கியிருக்கும், அதைத்தான் பாதிச் சக்கரம் என்கிறாய் என்றேன். "ரெக்கைய ஆட்டினது காத்துக்கு. மலை ஓரம் காத்து அப்படித்தான் அடிக்கும்." ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவனுக்குக் காரணமா கிடைக்காது?

"இல்லீங்க சார், நான் நல்லா பாத்தேன்" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்லவில்லை. ஏர்ஃபோர்ஸ்காரர், "வாத்தியார் சொன்னா சரியாத்தான்யா இருக்கும்" என்றார். நான் வடக்கனந்தல்காரர் நோட்டை எடுத்து, தேதி போட்டு, கல்வராயன் மலை என்று இடம் போட்டு, ஆவ்ரோ என்று எழுதினேன். ஆவ்ரோ அவர் நோட்டில் ஏற்கெனவே இருந்தது. பதினைந்து பதினைந்தாகவே நின்றது.

சமமாக வந்தால் சீட்டுக் குலுக்குவதுதான் முறை. குலுக்கலாமா என்று நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. "சார் வரட்டும். அங்க ஆபீசருங்க கிட்ட இங்கிலீஷ்ல பேச ஒரு ஆள் வேணும்" என்றார் ஏர்ஃபோர்ஸ்காரர். வடக்கனந்தல்காரரும், "ஆமாங்க, சாரே போவட்டும்" என்றார். நான் வேண்டாம் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லி, பிறகு ஒத்துக்கொண்டேன்.

நாங்கள் கிளம்பிய அன்று காலை பஸ் ஸ்டாண்டுக்கு அவர் வந்திருந்தார். வெட்டு வேலைக்குப் போகிற வழி. அவித்த வேர்க்கடலையைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். "சார், டகோட்டா மேல ஏறும்போது சத்தத்த மட்டும் போன்ல புடிச்சிக்கினு வாங்க சார். படம்லாம் வேணாம்" என்றார். சரி என்றேன். எலவனாசூர்கோட்டை வருவதற்குள் கடலையை நாங்கள் தின்று முடித்திருந்தோம்.

அந்த நாளைப் பற்றி நான் பொய் சொல்லக் கூடாது. நான் சந்தோஷமாக இருந்தேன். ஏர்ஃபோர்ஸ்காரர் பழைய தொப்பியை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் போன்ற பைத்தியங்கள் நூற்றுக்கணக்கில் அங்கே இருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கோஷ்டி எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்து, புளிசாதமும் கொடுத்தது. வரிசையில் நின்றபோதே நான் முன்னால் இருந்தவருக்கு ஹார்வர்டைப் பற்றி வகுப்பு எடுத்துவிட்டேன். மஞ்சள் டைகர் மாத் வயலுக்கு மருந்தடிக்கும் மெஷின் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு ஏறியது. ஹார்வர்ட் எங்கள் தலைக்கு மேலே திரும்பியபோது அது போட்ட கூச்சலில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் படம் எடுப்பதை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அடுத்தது டகோட்டா என்று காத்திருந்தோம். நான் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டேன். ஒலிபெருக்கியில், டகோட்டா இன்று பறக்காது, தரையில் நிற்கிறது, கிட்டே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. ஸ்டுடியோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். தரையில் நிற்பதை நோட்டில் எழுத முடியாதே என்று புலம்பினார்.

கிட்டே போனோம். மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் வைத்துக்கொண்டு, படங்களில் நான் பார்த்தது போலவே நின்றது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அதை ஓட்டிவந்த அதிகாரி நின்று வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வடநாட்டுக்காரர், சிரித்த முகம். ஏர்ஃபோர்ஸ்காரர் என் முதுகில் இடித்து, "கேளு, இங்கிலீஷ்ல கேளு" என்றார். எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. எந்த வழியாக இதைக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன்.

ஒத்திகைக்காக மூன்று வாரத்துக்கு முன்பே கோயம்புத்தூர் பக்கமிருந்து கொண்டுவந்துவிட்டோம், ஒரு வியாழக்கிழமை, என்றார். சேலம் தாண்டியதும் மேகம் இறங்கிவிட்டதால் ஒரு மலையின் ஓரமாகவே தாழப் பறந்து வந்தார்களாம். சரிவில் ஆட்கள் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஒரே ஒருவர் மட்டும் துணியை எடுத்து அப்படி வீசினார், பாருங்கள்! எங்களுக்கு ரொம்ப சந்தோஷமாகிவிட்டது. இறக்கையை ஆட்டி வணக்கம் சொல்லிவிட்டு வந்தோம்." இரண்டு கையையும் விரித்து ஆட்டிக் காட்டினார்.

எனக்கு முகம் சுட்டது. வெயில் என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை, மேகமூட்டமாக இருந்தது. என் பக்கத்து ஊர்க்காரர்தான் அவர் என்று அந்த அதிகாரியிடம் சொல்ல நாலு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் அந்த மனுஷர் துள்ளியிருப்பார். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். நான் "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அதற்கு மேல் பேசினால் யார் அவர், ஏன் வரவில்லை என்று கேட்பாரே என்று பயம்.

ஸ்டுடியோக்காரர் வால் பக்கம் படமெடுக்கப் போயிருந்ததால் அவர் காதில் விழவில்லை. ஏர்ஃபோர்ஸ்காரர் காதில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். "வா, போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். மூவரும் டகோட்டா முன்னால் நின்று சிரித்தோம். அந்தப் படத்தில் நான் நன்றாகவே சிரித்திருக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஸ்டுடியோக்காரர் தூங்கிப்போனார். ஏர்ஃபோர்ஸ்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இத அவன்கிட்ட சொல்லித்தான் ஆவணுமா?" என்றார். பிறகு அவரே, "அவன் ஒண்ணும் பெருசா எடுத்துக்க மாட்டான். நல்ல பையன்" என்றார். ஐம்பதைத் தாண்டிய மனுஷனைப் பையன் என்றார். அதைக் கேட்டு எனக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. செய்ததற்காக வெட்கப்படுவதைவிட, அந்த நிமிஷம் அப்படி நிம்மதிப்பட்டதற்காகத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

அடுத்த ஞாயிறு கரும்பு வெட்டு என்று வடக்கனந்தல்காரர் அணைக்கரைக்கு வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. பதினோரு நாள் ஓடியது. வகுப்பில் மழைக்காற்றைப் பற்றிச் சொல்லும்போது, மலை ஓரம் காற்று அப்படித்தான் அடிக்கும் என்று என் குரலே எனக்குக் கேட்டது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வடக்கனந்தல் போனேன். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தார்.

"சத்தம் புடிச்சீங்களா சார்?"

"இல்ல. அது பறக்கல. நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு."

"அடடா" என்றார். எனக்காக வருத்தப்பட்டார். "அவ்ளோ தூரம் போயி பாக்க முடியலயே சார் உங்களுக்கு."

அதற்குப் பிறகு நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. அதிகாரி சொன்னதைச் சொன்னேன். வியாழக்கிழமை, மலை ஓரம், துண்டு, இறக்கை, எல்லாம். அவர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் கரும்பு கட்டிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு நான், "அது டகோட்டான்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆவ்ரோன்னு எழுதினேன். பாஸுக்காக" என்றேன். என் குரல் கெஞ்சுகிற மாதிரி வந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "தெரியும் சார்" என்றார்.

"எப்படி?"

"எப்பவும் என் நோட்டுல எழுதினா எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டுவீங்க. அன்னிக்கு மட்டும் படிச்சுக் காட்டல."

மாற்றி எழுதிவிடுகிறேன், அடுத்த முறை பாஸ் வந்தால் என்னுடையதைத் தந்துவிடுகிறேன் என்று ஏதேதோ உளறினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதெல்லாம் வேணாங்க" என்றார். "ஸ்டுடியோ சாரு என்னய துண்டு பைலட்டுன்னு கூப்புட்டுக்கினு இருக்காரு. வெட்டுக்கு வர ஆளுங்க வரைக்கும் அந்தப் பேரு வந்துடுச்சு. புளுகுறவன்னு நெனைக்கறாங்க. ஞாயித்துக்கெழம அவரு முன்னால ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். போதும்."

கேட்டது அவ்வளவுதான். சொல்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் இப்போது சொல்லலாம், இதோ சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். வடக்கனந்தல்காரர் படங்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாயைத் திறந்தேன்.

"ஒரு விஷயம். அன்னிக்கு இவரு பாத்தது டகோட்டாதான். அந்த ஆபீசரே சொன்னாரு. நான்தான் சரியா கவனிக்காம ஆவ்ரோன்னு எழுதிட்டேன்."

கவனிக்காமல் என்ற வார்த்தையை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. தெரிந்தே எழுதினேன் என்று சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தேன். ஸ்டுடியோக்காரர் முகத்தைப் பார்த்ததும் அது தானாக வந்து விழுந்தது.

"அடப் பாவமே! அப்போ துண்டு காட்டினது நெஜமாய்யா?" என்று ஸ்டுடியோக்காரர் அவர் தோளில் தட்டினார். கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்களில் டகோட்டா பறந்ததைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். வாத்தியாருக்கே அடி சறுக்கிவிட்டதே என்று என்னையும் கேலி செய்தார். ஏர்ஃபோர்ஸ்காரர் அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வடக்கனந்தல்காரர் நோட்டை எடுத்து ஆவ்ரோவை அடித்துவிட்டு டகோட்டா என்று எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

இருட்டுவதற்கு முன் எல்லோரும் எழுந்தோம். மற்ற இருவரும் வண்டியை எடுக்கப் போனார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"கவனிக்காமன்னு சொன்னீங்களே சார்" என்றார். குரலில் சண்டை இல்லை. "நீங்க எதயும் கவனிக்காம எழுத மாட்டீங்கன்னு நான் வெட்டுக்கு வர ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.